அக்கா எடுத்த குழிவு

அக்காவைக் கேட்காமல் அந்த வேலையை ஒப்புக்கொண்டு வந்தவன் தம்பி. அவர்கள் பட்டறையில் மரம் அறுப்பது அவள், பாலிஷ் போடுவது அவன்; வாய் மட்டும் இருவருக்கும் சேர்த்து அவனுக்கே வாய்த்திருந்தது. நூலகத்தின் வாசிப்பு அறையில் மழைநீர் கசிந்து, சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஓடிய மரச்சட்டம் ஓராள் நீளத்துக்கு உளுத்துப் போயிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு உள்வாங்கிக் குழிந்த பழைய வேலைப்பாடு. அச்சு அசலாக அப்படியே செய்துவிடலாம் என்று நூலகரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

உளுத்த துண்டைக் கையில் வாங்கிய அக்கா அவனைத்தான் முறைத்தாள். அவ்வளவு அகலக் குழிவை எடுக்கும் கத்தி எதுவும் பட்டறையில் இல்லை. உளியால் குடைந்தால் மேடும் பள்ளமுமாகத்தான் வரும். யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தாய் என்று திட்டத் தொடங்கியவள், திட்டிக்கொண்டே போய் மேசை ரம்பத்தின் முன் நின்றாள். கொஞ்ச நேரத்தில் திட்டு நின்றுபோனது.

"நேரா தள்ளினா கோடுதான் விழும். பலகைய கோணலா தள்ளினா, வட்ட ரம்பம் பள்ளமா குடையும்ல?" என்றாள்.

சுற்றுகிற ரம்பத்தின் மேல் பலகையைக் குறுக்காகத் தள்ளுவதாவது! வேண்டாம் என்றான் தம்பி. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மோட்டாரை அணைத்து, மின்சார இணைப்பையும் எடுத்துவிட்டு, வேண்டிய ஆழத்துக்கு ரம்பத்தை மேசைக்கு மேலே ஏற்றினாள். குழிவின் அகலத்துக்கு இடைவெளி விட்டு இரண்டு குச்சிகளை இணையாக வைத்துக் குறுக்குக் கட்டைகளில் ஆணியடித்து, அதை ரம்பத்தின் மேல் வைத்து மெல்லத் திருப்பினாள். ஒரு குச்சி முன்பல்லையும் மற்றது பின்பல்லையும் தொட்ட இடத்தில் நிறுத்தி, அந்தச் சாய்வுக்கு மேசையில் பென்சிலால் கோடு போட்டாள். பலகை ஒட்டி நகர்வதற்காக, கோட்டுக்கு இணையாக ஒரு நேர்க்கட்டையைக் கிளாம்பால் இறுக்கினாள். பிறகு ரம்பத்தை, பல்நுனி மட்டும் தெரியும்படி இறக்கிவிட்டாள். எத்தனையோ வருஷமாக அவளோடு வேலை பார்த்தவன், இப்படி ஒரு கணக்கு அவள் தலைக்குள் ஓடும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

தம்பி இணைப்பைக் கொடுத்து மோட்டாரை ஓடவிட்டு, சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றான். பிடிகட்டைகளால் பலகையை அழுத்தியபடி அவள் நிதானமாகத் தள்ளினாள். முதல் ஓட்டத்தில் நகத்தால் கீறியது போல ஒரு தடம். ரம்பத்தை மயிரிழை உயர்த்தி மறுபடி தள்ளினாள். மறுபடியும். தடம் பள்ளமானது, பள்ளம் வளைந்து வந்தது.

பாதி ஆழத்தில் பலகை கிறீச்சிட்டது. ஒரு கிளாம்ப் நெகிழ்ந்து நேர்க்கட்டை விலகிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் கையை வெடுக்கென்று இழுத்திருப்பார்கள். அவள் பலகையை அழுத்திய அழுத்தம் மாறாமல், "நிறுத்து" என்றாள், உப்பை எடு என்று சொல்கிற குரலில். ரம்பம் நின்ற பிறகுதான் கையை எடுத்தாள். அவன் சுவிட்சை விட்டு ஓடி வந்தான். போதும் விட்டுவிடலாம் என்று கெஞ்சினான்.

"அவசரத்துல ஒழுங்கா முறுக்கல. தப்பு என்னோடது, முறையோடது இல்லடா."

பிசகிய பலகையை ஓரம் வைத்துவிட்டு, இன்னும் இரண்டு கிளாம்ப் கூடுதலாக இறுக்கி, புதுப் பலகையில் முதலிலிருந்து தொடங்கினாள். சாயங்காலம் உளுத்த துண்டைப் புதுச் சட்டத்தோடு ஒட்டிப் பார்த்தபோது இரண்டு வளைவும் இம்மி பிசகவில்லை. ரம்பப் பல் விட்டுப்போன வரிகளைத் தேய்த்து வழவழப்பாக்கி நிறம் ஏற்ற அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது.

சட்டத்தைப் பொருத்திய அன்று நூலகர் அண்ணாந்து பார்த்து, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பியின் ஒரு கையைப் பற்றிக் குலுக்கினார்.

"அறுத்தது எங்க அக்கா, சார். அவ கைய நீங்க பாத்திருக்கணும்" என்றான்.

ஏணிமேல் நின்றிருந்த அக்கா திரும்பாமலே, இவன் தேய்த்ததுகூட லேசுப்பட்ட வேலை இல்லை என்றாள். அவள் பாராட்டி இதுவரை அவன் கேட்டதில்லை. ஏணியை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.