ஒரே பெட்டியில் இரண்டு காளான்

பெட்டிக்காரம்மா தும்மினால் ஏழு கண்டத்துக் காளானும் பறக்கும் என்று அந்த ஆய்வுக்கூடத்தில் பேச்சு. இருபதாயிரம் அட்டைப்பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு காய்ந்த காளான். அத்தனைக்கும் அவள்தான் காவல்.

அதில் ஒரு பெட்டி அவளுக்கு உயிர். உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு போதைக் காளான். உலகத்தில் அந்த இனத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். பறித்த காடே இப்போது இல்லை. மாதிரியில் கலப்படம் என்று தெரிந்தால் பெட்டியோடு எரித்துவிட வேண்டும் என்பது இயக்குநர் போட்ட சட்டம். அதனால் தண்டில் கடுகளவு கிள்ளி, கீழ்மாடியில் மரபணு வரிசையைப் படித்துச் சொல்லும் தம்பியிடம் கொடுக்குமுன் நாலு சாமிக்கு நேர்ந்துகொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, மதிய வெயில் தூசியைத் தாலாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி படியேறி வந்தான். ஐம்பது வயது, முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போல வழுக்கை.

"கெடுத்துட்டியேக்கா. ரெண்டு காளான் கலந்திருக்கு. ஒண்ணுக்கொண்ணு சொந்தமுமில்ல, பந்தமுமில்ல."

"இடுக்கியை மூணு தடவை நெருப்புல காட்டித்தான்டா தொட்டேன். நீ குழாயைக் கழுவினியா?"

"கழுவாம? என்னை என்ன உன் வீட்டுக்காரர்னு நெனச்சியா?"

அவள் காளானை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள். உள்ளேயே விழுந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். தண்டு மலைச்சரிவாக நீண்டது. சரிவின் நடுவே, கிள்ளிய இடத்துக்குப் பக்கத்தில், தூசி என்று நினைத்த புள்ளி குடை விரித்து உட்கார்ந்திருந்தது. இன்னொரு காளான்! அதன் வெள்ளை நூல்கள் தண்டுக்குள் இறங்கி, எங்கோ கனவுக்குள் போவதுபோல் மறைந்தன.

"கலந்தது நான் இல்லடா. காடு."

தம்பி பார்த்தான். கீழே ஓடி, மூச்சிரைக்கத் தாளோடு திரும்பினான். மற்ற மரபணுக்களில் இரண்டும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். போதையைச் சமைக்கும் நாலு மரபணு மட்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, அதே வரிசையில்.

"பெத்த பிள்ளைக்கு மட்டுமில்ல, ஒண்டிக்கிடந்தவனுக்கும் தன் மரபணுவைக் கொடுத்திருக்கு," என்றாள் அவள். "தின்ன பூச்சிக்குக் கிறுகிறுத்தா மறுபடி ரெண்டையும் கடிக்காதுல்ல? இப்போ எரிக்கச் சொல்லட்டும் உங்க இயக்குநர்!"

"இதை எரிச்சா அவரையே எரிச்சிடுவாங்க. ஆனா யாரு யாருக்குக் கொடுத்தது?"

"அதுங்க பேசி முடிச்சுக் கோடி வருஷமாச்சு. நாம இப்பத்தான் கதவைத் தட்டுறோம். தள்ளி உக்காரு."

நுண்ணோக்கியின் இரண்டாவது பார்வைக் குழாயில் தம்பி முகம் புதைத்தான். சாயங்காலம்வரை அந்தச் சரிவில் இருவரும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.