குடித்துவிட்டு எடை குறைந்த குழந்தை

தராசின் திரையில் நின்ற எண்ணை அவள் இன்னொரு முறை படித்தாள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பால் குடித்து, வாயோரம் ஒரு சொட்டு வழிய மயங்கிக் கிடந்த குழந்தை, குடிப்பதற்கு முன்னால் இருந்ததைவிட எடை குறைந்திருந்தது.

தராசை அணைத்துப் போட்டாள். மேசை ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் கிடத்தினாள். அதே எண்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

கணவன் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தான். "என்ன, குட்டி லாரி லோடு ஏத்திக்கிச்சா?"

"ஏத்திக்கிச்சு. ஏத்தினதுக்கு அப்புறம் எடை குறைஞ்சிருக்கு."

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தராசு பொய் சொல்லும் என்று அந்த வீட்டில் யாரும் நினைப்பதில்லை. அவள் மணல் கழுவும் ஆலையில் எடைமேடைக்காரி. லாரி ஏறி நிற்கும் இரும்பு மேடைக்கு அடியில் மூலைக்கு ஒன்றாக உருக்குக் கட்டைகள் இருக்கும். பாரம் ஏறும்போது உருக்கு நசுங்கும், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு. அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியும் கூடவே நெளியும். கம்பி நெளிந்தால் அதில் ஓடும் மின்சாரம் சற்று மாறும். அந்த மாற்றம்தான் அறைக்குள் எண்ணாக வந்து நிற்கும். குழந்தைத் தராசுக்குள்ளும் இதே ஏற்பாடுதான், விரல் பருமனில். தராசு வீட்டுக்கு வந்த அன்றே அடிப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்து, "அட, நம்ம மேடை போட்ட குட்டி!" என்று பூரித்துப் போனவள் அவள்.

குழந்தைக்குத் தராசு வாங்கும்படி யாரும் சொல்லவில்லை. சாயங்காலமானால் குழந்தை விடாமல் அழுதது. குடித்துவிட்டு அழுதது, அழுதுவிட்டு மறுபடியும் குடித்தது. "உனக்குப் பால் பத்தலடி, அதான் கத்துது," என்று அக்கா போனில் சொன்னாள். பத்துகிறதா இல்லையா என்று எதற்கு வாயால் சண்டை போட வேண்டும்? நிறுத்துப் பார்த்துவிட்டால் போயிற்று.

நிறுப்பதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. ஆலையில் காலி லாரியை முதலில் நிறுப்பார்கள். பிறகு கழுவிய மணலை ஏற்றுவார்கள். ஈர மணலில் தண்ணீர் நிறைய இருக்கும், அதனால் லாரி ஓரமாக நின்று தண்ணீரெல்லாம் வடிந்த பிறகுதான் மேடைக்கு வரவேண்டும். அவசரப்படும் ஓட்டுநர்களிடம், "அண்ணே, மணல எடை போடத்தான் மேடை. தண்ணிய எடை போட இல்ல. வடிய விட்டுட்டு வாங்க," என்று சன்னல் வழியே விரட்டுவாள்.

குழந்தைக்கும் அதே முறைதான். பசித்து அழும்போது இருந்த கோலத்திலேயே தூக்கி ஒரு நிறுவை. பிறகு பால். குடித்து முடித்ததும் நனைந்து கனத்த டயப்பரைக் கழற்றி எறிந்து, உலர்ந்த புதியதைக் கட்டி இன்னொரு நிறுவை. இரண்டும் ஒரே பாக்கெட் டயப்பர், எனவே அதன் எடை கணக்கில் வராது என்று நினைத்தாள். இத்தனை நேர்த்தியாகச் செய்தும் குழந்தை லேசாகிக்கொண்டே போனது. அன்று முழுக்க ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்தது. ஒரு தடவை மட்டும் எண் அசையாமல் நின்றது.

சாயங்காலம் அவள் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் காலி வண்டிங்க. என்கிட்ட ஒண்ணுமே இல்ல. அது சும்மா சப்பிச் சப்பி இளைச்சுப் போகுது."

மறுநாள் அக்கா பெரிய பையோடு வந்து இறங்கினாள். தான் பிள்ளை பெற்றபோது வாங்கிய பால் எடுக்கும் பம்ப், புட்டிகள், ரப்பர் காம்புகள், புட்டியை ஆவியில் வேகவைக்கும் பாத்திரம், இடுப்பைச் சுற்றி வைத்துக்கொள்ளும் வளைந்த தலையணை, ஒரு டின் பால்மாவு. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினாள்.

"கடையையே தூக்கிட்டு வந்துட்டீங்களா அண்ணி?" என்றான் கணவன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. ரெண்டு வளத்தவ நான். நீங்க ஒரு தராசை வாங்கி வச்சுக்கிட்டு என் தங்கச்சிய அழ விடுறீங்க."

முதலில் பம்ப். மோட்டார் உறுமியது, புனல் இழுத்தது, வலித்தது. புட்டியின் அடியில் நாலைந்து சொட்டு. அக்கா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். தராசு சொன்னதையே பம்பும் சொன்னதும் அவளுக்கு மிச்சமிருந்த தெம்பும் போயிற்று. அக்கா பால்மாவைக் கரைத்தாள். குழந்தை கடகடவென்று குடித்துவிட்டுத் தூங்கியது. சாயங்கால அழுகையும் அன்றைக்கு இல்லை.

"பாத்தியா? பசிடி அது," என்றாள் அக்கா. அவளும் தலையாட்டினாள். அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் புட்டி வந்தது. மார்பில் பேருக்கு வைத்து எடுத்தாள். இரண்டு வாரத்தில் கனம் தெரியாமல் மார்பு தொளதொளவென்று ஆனது. முழுக்கப் புட்டிக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்து, அதைச் சொல்லத்தான் சுகாதார நிலையத்து நர்ஸ் வீட்டுக்கு வந்தபோது அவளை உட்கார வைத்தாள்.

நர்ஸ் சின்ன வயதுக்காரி, வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தாள். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "குடிச்சப்புறம் எடை குறையுதா? எனக்கும் புரியலையேக்கா. எப்படி நிறுக்கிறீங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க," என்றாள்.

செய்து காட்டினாள். அழுத குழந்தையைத் தூக்கி நிறுத்தாள். மார்பில் வைத்தாள். குழந்தை குடித்து விலகியதும் டயப்பரைக் கழற்றிச் சுருட்டிக் கூடைக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். உள்ளங்கையில் அந்த உருண்டை கனமாக உட்கார்ந்திருந்தது. வாழ்க்கை முழுக்கப் பாரம் பார்த்த கை அது.

திரும்பி வந்து டயப்பரைத் தராசில் வைத்தாள். அடுத்து ஒரு புதிய டயப்பரை வைத்தாள். இரண்டு எண்களையும் பார்த்தாள். ஒரு வேளைப் பால் அளவுக்கு மேலேயே வித்தியாசம் இருந்தது.

"ஐயோ," என்றாள்.

"என்னடி?" என்று அக்கா பதறினாள்.

"தண்ணிய வடிச்சுட்டேன்கா. முதல் நிறுவையில அது உள்ள இருந்துச்சு. ரெண்டாவது நிறுவைக்கு முன்னாடி நானே கழட்டி எறிஞ்சுட்டேன். மணல்ல வர்ற தண்ணி வேற... இது அவ குடிச்ச பால்கா. நான் குடுத்த பால்தான் மூத்திரமா வந்திருக்கு. அதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, பாலே இல்லன்னு அழுதிருக்கேன்."

கணவன் கேட்டான்: "அப்ப பால் இருந்ததா?"

"இருந்தது."

அவள் அவசரமாகச் சரியான முறையில் ஒரு நிறுவை வேண்டும் என்றாள். குழந்தை கொஞ்சம் தூங்கி எழட்டும் என்று நர்ஸ் காத்திருந்தாள். இந்த முறை டயப்பரைத் தொடவே இல்லை. கட்டிய டயப்பரோடு நிறுத்து, பால் கொடுத்து, அதே டயப்பரோடு மறுபடியும் நிறுத்தாள். எண் கூடியிருந்தது. ஆனால் ஒரு தேக்கரண்டி அளவுதான்.

தராசின் விளிம்பைப் பிடித்தபடி அவள் நின்றாள். பாலில்லை என்று அன்று பொய்யாக வந்த சேதி இப்போது மெய்யாகவே வந்து நிற்கிறது.

நர்ஸ் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அக்கா, மார்பு தொட்டி மாதிரி ரொப்பி வச்சுக்கிட்டு இருக்கிறது இல்ல. காலியாக ஆகத்தான் சுரக்கும். பால் எடுக்காம உள்ளயே தங்கினா, 'போதும், குறைச்சுக்கோ'ன்னு மார்புக்குச் சேதி போகும். நீங்க புட்டி குடுத்தீங்க, குழந்தை மார்பைக் காலி பண்ணல, அது குறைச்சுக்கிச்சு. கெட்டுப் போகல. சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு."

"அந்த பம்ப்லயும் வரலையே?" என்றாள் அக்கா, குரல் இறங்கி.

நர்ஸ் புனலை எடுத்துப் பார்த்தாள். "இது உங்க அளவு. இவங்களுக்கு அகலம். காம்பு மட்டும் உள்ள போகணும், இதுல சுத்தியிருக்கிற சதையும் சேர்ந்து இழுபடும், வலிக்கும், பால் வராது. பம்ப்ல வந்ததை வச்சு மார்புல எவ்வளவு இருக்குன்னு சொல்லவே முடியாது. சாயங்காலம் அழுது அழுது குடிக்கிறது நிறையக் குழந்தைங்க செய்யறதுதான்."

"நான்தான் ஆரம்பிச்சு வச்சேன்," என்று அக்கா முணுமுணுத்தாள்.

"விடுக்கா, நிறுத்தது நான்தானே," என்றாள் தங்கை. பிறகு நர்ஸிடம், "திரும்ப வருமா சிஸ்டர்?"

"நிறைய பேருக்கு வரும். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது. முதல்ல மார்பு, அடிக்கடி, ரெண்டு பக்கமும். அப்புறம் புட்டி. புட்டியை ஒரேயடியா நிறுத்தாதீங்க, குழந்தை பட்டினி கிடக்கக் கூடாது. வாரா வாரம் நிலையத்துக்குக் கொண்டு வாங்க, நான் எடை பாத்து எவ்வளவு குறைக்கலாம்னு சொல்றேன். வீட்டுல விழுங்கற சத்தத்தைக் கேளுங்க, நனையற டயப்பரைப் பாருங்க."

"டயப்பரை நிறுக்கக் கூடாதா?"

"பாக்க மட்டும்."

அடுத்து வந்த நாட்களில் அவள் வேறு எதுவும் செய்யவில்லை. சமையல் கணவனிடம் போனது, துணி துவைப்பது அக்காவிடம் போனது. குழந்தை அசைந்தால் மார்பு, சிணுங்கினால் மார்பு. புட்டியில் மெதுவாக இறங்கும் காம்பாக மாற்றினார்கள். கடகடவென்று கொட்டிப் பழகினால் மார்பில் உழைக்கப் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது. முதல் சில நாட்கள் குழந்தை கத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவளும் கூடவே அழுதாள். நிலையத்தில் நர்ஸ் எடை பார்த்து, புட்டியில் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்.

ஒரு மத்தியானம் சன்னல் ஓரத்தில் குழந்தை இடப்பக்கம் குடித்துக்கொண்டிருந்தது. வேகவேகமாகச் சப்பியது திடீரென்று மாறியது: நிதானமான இழுப்பு, ஒரு நிறுத்தம், 'கக்' என்று ஒரு விழுங்கல். மறுபடியும் இழுப்பு, விழுங்கல். அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "என்னடி அது, தண்ணிய மேல கொட்டிக்கிட்டியா?"

அவள் குனிந்து பார்த்தாள். வலப்பக்க ரவிக்கையில் ஈரம், காசளவிலிருந்து உள்ளங்கை அளவுக்கு அவள் பார்க்கப் பார்க்கவே படர்ந்துகொண்டிருந்தது. பிள்ளை ஒரு பக்கம் சப்பினால், 'இறக்கு' என்ற சேதி மூளையிலிருந்து ரத்தத்தின் வழியே இறங்கும். ரத்தத்துக்கு இடம் வலம் தெரியாது. இரண்டு பக்கமும் சேர்ந்தே திறக்கும்.

"தண்ணி இல்லக்கா," என்றாள். ஈரத்தில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். தித்தித்தது. அப்படியே விரலை வாயில் வைத்தபடி, நம்ப முடியாமல், அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கையிலிருந்த துண்டைச் சுருட்டி அவள் மடிக்கு எறிந்தாள். "துடைடி லூசு. வீணாப் போகுது."