ஆறு இலக்கம்

ராஜபாளையத்தில் நர்ஸாக இருக்கும் யோகேஸ்வரி, ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் ஃபோனைத் தொலைத்துவிட்டாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குச் சம்மதம் சொல்லி அன்று மாலைக்குள் மெயில் அனுப்ப வேண்டும். மெயிலைத் திறக்க, பாஸ்வேர்டோடு ஃபோனில் ஒரு ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும். ஃபோன் தொலைந்தால் உதவும் மாற்று எண்களை அவள் எடுத்து வைத்திருக்கவே இல்லை.

மம்சாபுரத்தில் இருக்கும் மதினி மகாலட்சுமிக்குக் கொடுத்த பழைய ஃபோன் நினைவுக்கு வந்தது. அதிலும் அந்த ஆப் இருந்தது. பஸ் ஸ்டாண்டு கடைக்காரரிடம் ஃபோனை இரவல் வாங்கிப் பேசினாள்.

“மதினி, பழைய ஃபோன்ல எதையும் அழிச்சிட்டியளா?”

“எடம் இல்லன்னு உங்க அண்ணன் நேத்து என்னமோ அழிச்சாவ. என்னன்னு தெரியல தாயி.”

“இனிமே தொடாதீங்க. நான் வாரேன்.”

அடுத்த பஸ் பிடித்து மம்சாபுரம் போய்ச் சேர்ந்தாள்.

நல்லவேளை, ஆப் இருந்தது. மதினியின் புது ஃபோனில் மெயிலுக்குப் போய் எண்ணைப் போட்டாள். தவறு என்றது. மறுபடியும் தவறு என்றது. இன்னொரு முறை தவறினால் கணக்கையே பூட்டிவிடுமோ என்று நிறுத்திக்கொண்டாள்.

“செத்த நேரம் உக்காரு. மொகமெல்லாம் வேர்த்திருக்கு,” என்றாள் மகாலட்சுமி.

இரண்டு ஃபோன்களையும் கட்டிலில் வைத்தபோதுதான் யோகேஸ்வரி கவனித்தாள். சிம் இல்லாத பழைய ஃபோனின் கடிகாரம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனின் நேரத்தை வைத்துத்தான் ஆப் எண்ணைக் கணக்கிடும்; நேரம் தப்பென்றால் எண்ணும் தப்பாகத்தான் வரும். நேரத்தைச் சரிசெய்து, புதிதாக வந்த எண்ணைப் போட்டாள். மெயில் திறந்தது.

சம்மதத்தை அனுப்பினாள். மாற்று எண்களை எடுத்து இரண்டு தாள்களில் எழுதி, ஒன்றை மதினியிடம் நீட்டினாள்.

“பீரோல பத்திரமா வச்சிருங்க,” என்றாள். அதற்குப் பிறகுதான் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.