மாப்பிள்ளை உடுத்திய வெயில்

வைகாசி மாதத்தில் கடற்கரைக் கல்யாணத்துக்குப் போகிற ஆம்பளை என்ன உடுத்த வேண்டும் என்று கோவில்பட்டியில் யாருக்காவது சந்தேகம் வந்தால், மாயகிருஷ்ணன் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்குத்தான் வருவார்கள்.

"டெரிலின் வேண்டாம் அண்ணாச்சி. திருச்செந்தூர் உப்புக்காத்துக்கு முதுகோட ஒட்டிக்கிடும். மல் வேட்டி, பாப்ளின்ல அரைக்கைச் சட்டை. பந்தி முடியுதவரை ஒங்க ஒடம்பு ஒங்கள வையாது" என்பான்.

ஊருக்கெல்லாம் உடுத்திவிட்டவனுக்குத் தன் கல்யாணம் என்றதும் புத்தி கலங்கிவிட்டது. சிக்கல் துணியில் இல்லை, தோலில்.

பெண் பசுவந்தனை முத்துத்தாய். அவள் அப்பா வேணுகோபாலுக்கு அறுபது ஆடு, நாலு ஏக்கர் கரிசல், ஆண்பிள்ளை கிடையாது. "ஃபேனுக்கு அடியில உக்காருதவனுக்கு எம்மகளக் குடுக்க மாட்டேன்" என்பது அவர் கட்சி. பெண் பார்க்கப் போன அன்று முத்துத்தாய் காப்பித் தம்ளரை நீட்டி, "சீனி பத்தலைன்னா இப்பமே சொல்லிருங்க, ஊர்ல போயிச் சொல்லக் கூடாது" என்றாள். மாயகிருஷ்ணன் அங்கேயே விழுந்துவிட்டான். விழுந்த வேகத்தில், "மாப்ளைக்கு என்ன சோலி?" என்று வேணுகோபால் கேட்டதற்கு, "ஆடு மேய்க்கேன் மாமா" என்றும் சொல்லிவிட்டான். கூட வந்த சொந்தக்காரர்கள் காப்பியோடு சேர்த்து உண்மையையும் விழுங்கினார்கள்.

கல்யாணம் திருச்செந்தூர் கோயிலில் என்று முடிவானபோதுதான் அவனுக்குச் சட்டை ஞாபகம் வந்தது. அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. மாயகிருஷ்ணனின் முகமும் முன்கையும் மாநிறம். பத்து வருஷம் கடை நிழலிலேயே இருந்த மிச்சமெல்லாம் உரித்த பனங்கிழங்கு. ஆட்டுக்காரன் என்று சொன்னால் ஆடுகூட நம்பாது.

தனக்கு அம்மை போட்டிருப்பதாக முதலாளிக்குச் சொல்லியனுப்பினான். அவர், பாவம், வேப்பிலையும் நாலு இளநீரும் கொடுத்துவிட்டார். இளநீரைக் குடித்துவிட்டு, இடைசெவல் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியப்பா மகன் ராஜமணியிடம் போய் நின்றான்.

"ஏலே, அக்கினி நச்சத்திரத்துல நாங்களே நெழலத் தேடி அலையுதோம். நீ வெயில வாங்க வந்திருக்கியா?"

"பதினஞ்சே நாளுதான்ணே. மேலு கறுக்கணும்."

"அப்பம் சட்டையக் கழத்து."

சட்டையைக் கழற்றினான். பனியனைக் கழற்ற வெட்கம். பக்கத்துப் புஞ்சையில் காய்ந்த பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அவனைப் பார்த்து ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பனியன் என்ன பெரிய கம்பளியா, காற்று நுழைகிற துணியில் வெயில் நுழையாதா என்று தேற்றிக்கொண்டான். பத்து வருஷ ஜவுளி அனுபவம் பேசுகிறது!

வெயில் நுழையவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மஞ்சள் தேய்த்துக் குளிக்கும்போதுதான் குனிந்து முழுசாகப் பார்த்தான். தோளும் கையும் அடுப்புக்கரி. நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு பனியன், கழுத்து வளைவு உட்பட, அளவெடுத்துத் தைத்த மாதிரி.

மறுநாள் கோயில் வாசலில் துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு நின்றான். வாசல் காவல்காரர், "துண்ட இடுப்புல கட்டும்" என்றார். கட்டினான்.

"பனியனையும் கழத்தும் வே."

"போடலையே அண்ணாச்சி."

காவல்காரர் கிட்டே வந்து விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். தோல்தான் வந்தது. இரண்டு வீட்டுக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரிக்காதவர் வேணுகோபால் ஒருவர்தான். இடுப்புக்கு மேலே ஒரே கறுப்பாக முன்னால் வந்து நின்றார்.

"மாப்ளே, எந்த ஊர் ஆட்டுக்காரன் பனியன் போட்டு மேய்க்கான்?"

மாயகிருஷ்ணன் கைகூப்பினான். "நான் ஆட்டுக்காரன் இல்ல மாமா. ஜவுளிக்கடையில துணி கிழிக்கேன். இது பதினஞ்சு நாள் கறுப்பு. உள்ளதச் சொன்னா பொண்ணு தர மாட்டீங்கன்னு பயந்துட்டேன். தாலி கட்டுததுக்கு முன்னால சொல்லிட்டேன். இனி ஒங்க இஷ்டம்."

கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

"பதினஞ்சு நாளும் வெயில்லயா நின்னீரு?"

"ஆமா மாமா."

"நெழலுக்கு ஒதுங்கலையா?"

"ஆடு ஒதுங்குச்சு, நான் ஒதுங்கல. அதுகளுக்கா கல்யாணம்?"

மாயகிருஷ்ணன் தன் வெள்ளைப் பனியனையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது பின்னாலிருந்து முத்துத்தாய், மாலைக்குள் குனிந்த தலை நிமிராமலே சொன்னாள்:

"எப்பா, நம்ம ஆட்டுல கறுப்பும் வெள்ளையுமா இருக்கதுதான நெறையப் பால் குடுக்குது? அவியள நிக்க வச்சு விசாரிச்சது போதும். முகூர்த்தம் போகுது."

அவர் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். மீசை ஒரு பக்கம் ஆடியது.

"ஒம்ம கடைக்கு ஞாயித்துக்கிழமை லீவுதான?"

"லீவுதான் மாமா."

வேணுகோபால் காவல்காரர் பக்கம் திரும்பினார். "உள்ள விடும்யா. அந்தப் பனியன ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாங்க பசுவந்தனை வெயில்ல வச்சுக் கழத்திக்கிடுதோம்."