ஏழாம் நிலையத்தின் முதல் பூச்சு

அலுவலகத்தில் எனக்குச் சுரண்டி என்று பெயர். வைத்தது யாரென்று தெரியும்; கேட்டால் சத்தியமாக நான் இல்லை என்பார். பெயரில் தப்பொன்றும் இல்லை. சுரங்க ரயில் நிறுவனத்தின் பழங்கட்டடப் பாதுகாப்புப் பிரிவில் பதினாறு வருடமாக நான் பார்க்கும் வேலை அதுதான். பழைய தூணிலோ கூரையிலோ ஒரு விரல் அகலத்துக்கு இடம் பிடித்து, அறுவைக் கத்தியால் பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டி, அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மேலே இருப்பது போன வருடம் அடித்தது, அடியில் இருப்பது திறப்பு விழா அன்று இருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு படிப்பு, ஒரு பூதக்கண்ணாடி, நிறையப் பொறுமை வேண்டும். மூன்றும் என்னிடம் இருந்தன. கூடவே கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஏழாம் நிலையத்துக்கு என்னை அனுப்பியபோது விவகாரம் முற்றிப்போயிருந்தது. நிறுவனத்துக்குள் இரண்டு கட்சி. புதுப்பிக்க வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் ஓர் எஞ்சினியர். தூண், கூரை, சுவர் எல்லாவற்றையும் வெள்ளைத் தகடு வைத்து மூடிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தகட்டைத் துடைப்பது சுலபம், வெளிச்சம் கூடும், பின்னால் ஒயர்களை ஓட்டிக்கொள்ளலாம் என்பார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். இன்னொரு கட்சி நாங்கள்: எங்கள் பிரிவின் தலைவி, நான், வரைபடம் போடும் இருவர். நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால் கட்டிய ஐந்து நிலையங்களில் இரும்புத் தூண்கள் மேலே போய், விரித்த விரல்கள் போல் கூரையைத் தாங்கும். அவற்றைக் கட்டியபடியே விட்டுவைக்க வேண்டும் என்பது எங்கள் வாதம்.

கட்டியபடி என்றால் என்ன நிறத்தில் என்று, இதைத் தீர்த்துவைக்க நிறுவனம் போட்ட விசாரணைக் குழு கேட்டது. வரைபடத்தில் நிறம் குறித்திருக்கவில்லை. கிடைத்தவை இரண்டே புகைப்படங்கள், இரண்டும் கறுப்பு வெள்ளை. ஆக, ஐந்து நிலையங்களின் தலையெழுத்தும் என் கத்தி முனைக்கு வந்து சேர்ந்தது.

இதில் ஒரு கூத்து உண்டு. அந்த நிலையத்துக்கு முதன்முதலில் பெயிண்ட் அடித்த ஆட்களில் ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார். என் மாமனார்.

மாமியார் போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். என் கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில்தான். அதனால் வீட்டில் பெரும்பாலும் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் அடித்தவர், ஒருத்தி சுரண்டுகிறவள்.

“நாங்க கழுத்து ஒடிய நிமிந்து நிமிந்து அடிச்சத நீ போய் நோண்டிட்டு வர்ற. இதுக்கு ஒரு படிப்பு வேற” என்பார்.

“இவ்ளோ கெட்டியா அடிச்சா சுரண்டறவ கை என்னாகும்னு யோசிச்சீங்களா மாமா?” என்பேன். இந்த ஒரு கேலியை வைத்தே இரண்டு பேரும் வருடக்கணக்கில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம்.

ஏழாம் நிலையம் என்று சொன்னதும் நான் கேட்காமலே சொன்னார். “அது மஞ்சள்மா. தூண், கூரை எல்லாம் மஞ்சள். வெயில் கீழ எறங்கி வந்து நிக்கிற மாதிரி இருக்கும்.”

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் இரண்டு. எங்கள் பிரிவில் ஆள் சொல்வது ஆதாரம் ஆகாது, அடுக்கு சொல்வதுதான் ஆதாரம். இரண்டாவது, அவருடைய கண். இரண்டிலும் புரை முற்றியிருந்தது. புரை முற்றியவர்களுக்கு எல்லாமே மஞ்சள் பூத்துத் தெரியும் என்று கண் டாக்டரே சொல்லியிருந்தார். புதிதாக வாங்கிய வெள்ளைத் துண்டைப் பழசு என்று திருப்பிக் கொடுத்தவர் மாமா. அவர் மஞ்சள் என்றால் நான் என்ன செய்ய?

நடைமேடையில் பாதியைத் தடுத்து மூடிக்கொண்டு, ஏழு தூண்களில் சுரண்டினேன். ஏழிலும் அடியில் ஒரே நிறம். மங்கிய சாம்பல். அதன் மேல் நூல் போல ஒரு கறுப்புக் கோடு, படிந்த புகைக் கரி. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. இரும்பில் முதலில் அடிக்கும் பிரைமரை இரண்டு நாளில் பெயிண்ட் மூடிவிடும். அதன் மேல் புகை படிய நேரமே இருக்காது. புகை படிந்திருந்தால் அந்தப் பூச்சு வெகுகாலம் வெளியே தெரிந்தபடி இருந்திருக்கிறது, ஆக அதுதான் நிலையத்தின் நிறம். மாணவர்களுக்குப் பாடமாகவே எடுக்கலாம், அவ்வளவு சுத்தமான ஆதாரம்.

அன்று வீட்டுக்கு வந்து, “மஞ்சள் இல்ல மாமா, சாம்பல்” என்றேன்.

“சாம்பலா?” தட்டிலிருந்து கையை எடுத்தார். “சாம்பல் வந்து...”

“ஏழு எடத்துல பாத்தாச்சு. பூதக்கண்ணாடிக்குப் புரை கிடையாது மாமா.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாளிலிருந்து நிலையத்தைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை.

என் அறிக்கையைக் குழு ஏற்றது. எஞ்சினியர் முகத்தில் ஈயாடவில்லை. ஏழாம் நிலையத்துக்கு அச்சு அசலாக அதே சாம்பல் நிறத்தை அடித்துத் திறந்தார்கள். இது நன்றாக அமைந்தால் மற்ற நான்கையும் இதேபோல் செய்வது என்று முடிவு.

நன்றாக அமையவில்லை. விளக்குகளை எத்தனை கூட்டினாலும் அந்தச் சாம்பல் வெளிச்சத்தை விழுங்கியது. நடைமேடையில் நிற்பவர்கள் எல்லோரும் நோயிலிருந்து எழுந்தவர்கள் போல் தெரிந்தார்கள். “டிக்கெட் வாங்கிக்கொண்டு பிணவறைக்குள் இறங்குவது போல் இருக்கிறது” என்று ஒரு பயணி புகார்ப் புத்தகத்தில் எழுதினார். அதன் கீழே முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பத்திரிகைக் கடை வைத்திருந்த அம்மாள் கடையை ஆறாம் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டு போனார். அசல் என்றால் அசல்தான், பிடிக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை என்று நான் எல்லோரிடமும் சண்டை போட்டேன். எனக்கும் பிடிக்கவில்லை. தினமும் அந்தப் படியில் இறங்கும்போது நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இதற்கிடையில் மாமாவுக்கு ஒரு கண், பிறகு மறு கண் என்று புரை எடுத்தார்கள். கட்டு பிரித்த இரண்டாம் வாரம், “உன் ஸ்டேஷனைப் பாக்கணும்மா” என்றார். கோபம் தணிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் அரைநாள் விடுப்புப் போட்டுக் கூட்டிப்போனேன்.

நடைமேடையில் மெதுவாக நடந்தார். ஒரு தூணை உள்ளங்கையால் தடவினார். நிமிர்ந்து கூரையை வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது.

“சுத்தமான வேலை. பிரைமர் நல்லா கவ்வியிருக்கு. நாங்க அடிச்ச அதே சாம்பல்” என்றார். “பெயிண்ட் எப்பம்மா அடிக்கப் போறாங்க?”

அவர் தடவிய தூணை நானும் தொட்டுப் பார்த்தேன்.

அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். “இதுதான் பெயிண்ட் மாமா” என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையைப் பிடித்து நடைமேடையின் கோடிக்கு அழைத்துப்போனார். அங்கே நிலையத்தின் பெயர்ப்பலகையைத் தூணோடு சேர்த்துப் பிடிக்கும் அகலமான இரும்புப் பட்டை ஒன்று உண்டு. “தெறப்பு விழாவுக்கு மொத நாள் மாட்டினது. பெயிண்ட் காய்ஞ்சும் காயாததுமா வச்சு முடுக்கினாங்க. இதுக்குப் பின்னால எவனும் கை வச்சிருக்க மாட்டான்” என்றார்.

நிலையத்து ஃபிட்டரைக் கூப்பிட்டுப் பட்டையைக் கழற்றச் சொன்னேன். பின்னால் இரண்டு உள்ளங்கை அளவுக்கு மஞ்சள். நாற்பத்தாறு வருடம் வெளிச்சம் படாத மஞ்சள், ஈரம் காயாதது போல் பளிச்சென்று. அந்தச் சாம்பல் நடைமேடையில் அந்த இரண்டு கை இடம் மட்டும் உயிரோடு இருந்தது. ஃபிட்டர் கூட, “அட, இத அடிச்சிருக்கலாமே மேடம்” என்றார்.

அடுத்த வாரம் பழைய கோப்புகளைக் குடைந்தேன். விடை பெயிண்ட் கோப்பில் இல்லை, நீர்க்கசிவுக் கோப்பில் இருந்தது. திறந்து ஒன்பதாம் வருடம் மேலிருந்து தண்ணீர் இறங்கி மஞ்சள் பூச்சு உப்பிவிட்டது. தூண்களைப் பிரைமர் வரை முழுக்க வழித்தெடுத்திருக்கிறார்கள். வழித்த ஒப்பந்தக்காரர் பாதியில் கைவிட்டுப் போக, பதினான்கு மாதம் தூண்கள் வெறும் பிரைமரோடு நின்றிருக்கின்றன. புகை படிந்தது அப்போதுதான். அதன் பிறகு நீலம் அடித்திருக்கிறார்கள். நான் பார்த்த கறுப்புக் கோடு பொய் சொல்லவில்லை. அதை நான் படித்த விதம்தான் தப்பு. மாமாவிடம் அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அது பிரைமர் என்று சொல்லியிருப்பார். சொல்ல வாயெடுத்தார் கூட, நான்தான் விடவில்லை.

எங்கள் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“மஞ்சள் அடிச்சு சரி பண்ணிடலாம் மேடம். மூணு வாரம் போதும்” என்றேன்.

“ஒரு ரிப்போர்ட் தப்புன்னு நாமளே சொன்னா அஞ்சு ஸ்டேஷன் விஷயமும் தப்புன்னு ஆயிடும்” என்றார். “தகட்டுக்காரர் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கார். உன் வேலை போகும், பிரிவே போகும். கொஞ்ச நாள் வாய மூடிக்கிட்டு இரு. ஜனங்களுக்குப் பழகிடும். பழகின பிறகு மெதுவா மாத்திக்கலாம்.”

அவர் என்னை மிரட்டினார் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில், அவர் அப்படிச் சொல்லமாட்டாரா என்றுதான் நான் அந்த அறைக்குள் போயிருந்தேன்.

மாமா மட்டும் இரண்டு முறை கேட்டார். “ஆபீஸ்ல சொல்லிட்டியாம்மா?”

“சொல்லணும் மாமா” என்றேன், இரண்டு முறையும்.

புகார்கள் குவிந்ததால் குழு மறுபடியும் கூடியது. பொதுமக்களும் வந்து உட்காரலாம் என்றார்கள். நீ பேசி நான் கேட்டதே இல்லை என்று மாமா கிளம்பி வந்தார். நான் அங்கே உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பார். வாசலில் வருகைப் பதிவேட்டில் பெயரும் தொழிலும் எழுத வேண்டும். அவர் நிதானமாக என்ன எழுதினார் என்று நான் கவனிக்கவில்லை.

குழுத் தலைவர் வயதான, பொறுமையான மனிதர். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இந்தச் சாம்பல்தான் அசல் நிறம். அதுல உங்களுக்குச் சந்தேகம் ஏதும் இருக்கா?”

மூன்றாம் வரிசையில் மாமா முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலைவி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை” என்றேன்.

எஞ்சினியர் எழுந்தார். “வருகைப் பதிவேட்டுல ஒருத்தர், ‘ஏழாம் நிலையத்துக்கு முதல் பெயிண்ட் அடித்தவன்’னு எழுதியிருக்கார். அவரையும் ஒரு வார்த்தை கேக்கலாமே” என்றார்.

குழுத் தலைவர் கேட்டார். மாமா எழுந்து நின்றார். சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டார். என்னைப் பார்த்தார். அவர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றும், சொல்லிவிடக் கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன்.

“அவங்க படிச்சவங்க. அவங்க சொல்றதுதான் சரி” என்றார். “சாம்பல்தான் அடிச்சோம்.”

உட்கார்ந்துவிட்டார்.

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அடித்தவரே சொன்ன பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை என்றார். கட்டியவர்களே இத்தனை இருட்டாகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்றால், இதில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்பது பேரில் எட்டுப் பேர் கை தூக்கினார்கள். ஐந்து நிலையங்களுக்கும் தகடு. வேலை அடுத்த மாதம் ஆரம்பம்.

தாழ்வாரத்தில் எஞ்சினியர் என்னருகே வந்தார். ஜெயித்த முகமாக இல்லை, களைத்திருந்தார். “கொஞ்சமாவது அழகா இருந்திருந்தா நானே விட்டுக்கொடுத்திருப்பேங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று முன்னமே சொன்னேன்.

வெளியே வாசல் படிகளின் மேல் மாமா எனக்காக நின்றிருந்தார்.

“அஞ்சையும் மூடிடுவாங்களாம்மா?”

“ஆமா மாமா.”

அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். “உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னுதான் அப்படிச் சொன்னேன். மஞ்சள்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க இல்ல?” என்றார். “நான்தான்மா கெடுத்துட்டேன்.”

நீங்கள் இல்லை, நான் என்று சொல்ல வேண்டும். மூன்று வார்த்தை. சொன்னால், மருமகள் சொன்ன பொய்க்குத்தான் தன் மஞ்சளைக் கொடுத்தோம் என்று அவருக்கு முழுக்கப் புரிந்துவிடும். ஒருவேளை ஏற்கெனவே புரிந்திருக்கலாம்.

“படி இருக்கு மாமா, பாத்து எறங்குங்க” என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.