காருக்குக் கம்பளி

துலேகென் தன் காரைச் சீராட்டும் அழகைப் பார்த்தால் பெற்ற தாய்க்கே பொறாமை வரும். கொஸ்தனாய் நகரில் அன்றிரவு மைனஸ் முப்பத்தைந்து டிகிரி குளிர் என்று கேட்டதுமே பானெட்டைத் திறந்து என்ஜினுக்குத் தடித்த கம்பளி போர்த்தினார். அதே கையோடு, தன் நரித்தோல் தொப்பிக்குள் தூங்கிய குற்றத்துக்காகப் பூனை அக்தபானை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"குளிர்ல செத்துடுமே!" என்றாள் மனைவி ஜெய்னெப்.

"அதுக்குத்தான் உடம்பெல்லாம் ரோமம் இருக்கே."

காலையில் ஜெய்னெப் பால் கிண்ணத்தோடு கதவைத் திறந்தாள். பூனை இல்லை. பனியில் அதன் காலடித் தடங்கள் காரின் முன்சக்கரம் வரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

அந்த வண்டிக்கு இன்னொரு செல்லமும் உண்டு. எண்ணெய் இறுகிவிடக் கூடாதென்று, என்ஜின் சூடு மைனஸ் ஐந்துக்கு இறங்கினால் தானாகவே ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடம் ஓடும். அணைந்த பிறகு கம்பளிக்கடியில் சுகமான கதகதப்பு. அடியிலிருந்து ஏறிவரும் பூனைக்கு அது அரண்மனை. சூடு குறையக் குறைய, விசிறியும் பெல்ட்டும் இருக்கும் பக்கமாக ஒடுங்கிக்கொண்டே போகும். அது நன்றாக ஒடுங்கிய நேரம் பார்த்துத்தான் வண்டிக்கும் குளிரெடுக்கும்.

"என்ஜின் எவ்வளவு காட்டுது?" என்று கத்தினாள்.

முற்றத்தில் பனி வாரிக்கொண்டிருந்த துலேகென், காரின் சூட்டைக் காட்டி அதை நிறுத்தவும் செய்யும் போனைப் பெருமையாக எடுத்தார். "மைனஸ் நாலு. இப்ப தானா ஸ்டார்ட் ஆகும் பாரு!"

"பூனை உள்ள இருக்கு! நிறுத்துங்க!"

அவர் கையுறையைக் கழற்றுவதற்குள் போன் குளிரில் அணைந்துபோனது.

"போனுக்கும் ஒரு கம்பளி போர்த்தியிருக்கலாமே, வீட்டுத் தலைவரே!"

துலேகென் இழுத்துப் பார்த்தார்; பானெட் பனியில் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. "வெந்நீர் கொண்டா!"

"ஊத்துங்க. அதுவும் உறைஞ்சு பூட்டுப் போட்டுடும்."

ஜெய்னெப் அடுக்களைக்கு ஓடி, மாவுருட்டும் கட்டையோடு வந்தாள். பானெட்டின் மேல் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"ஐயோ, பெயின்ட்டு!"

நான்காவது அடியில் சக்கரத்தின் பின்னாலிருந்து கரிய உருண்டையொன்று விழுந்து, வீட்டுக்குள் பாய்ந்தது. அது வாசலைத் தாண்டியதுதான் தாமதம், கார் உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது.

துலேகென் பானெட்டின் பள்ளங்களைக் குழந்தையின் காயம்போலத் தடவினார்.

பத்து நிமிடத்தில் ஒட்டியிருந்த பனி இளகியது. ஜெய்னெப் பானெட்டைத் திறந்து கம்பளியை உருவினாள். அடுப்போரம் விரித்து அதில் அக்தபானைக் கிடத்தினாள்.

"அப்ப காருக்கு?" என்றார் துலேகென்.

"அதுக்குத்தான் உடம்பெல்லாம் பெயின்ட் இருக்கே."