காக்காப் படத்துக்குப் பொன்னாடை

சிங்கப்பூர் ஜாலான் புசார்ல இருக்கிற எங்க கலைச்சுடர் மன்றம் வருஷா வருஷம் விருது கொடுக்கும். நல்ல நடிகருக்கு, நல்ல பாடகருக்கு, அட, நல்ல மைக்செட்காரருக்குக்கூட உண்டு. எண்பத்தி மூணுல தலைவர் தனசேகரனுக்குத் திடீர்னு ஞானோதயம். வெளிநாட்டுல கார்ட்டூன் படம் எடுக்கிற டைரக்டருக்கெல்லாம் விருது கொடுக்கிறாங்களாமே, நாம மட்டும் என்ன இளப்பமான்னு, 'சிறந்த முழுநீளச் சித்திரப்பட இயக்குநர்'னு ஒண்ணைச் சேர்த்துட்டார். சேர்த்த பிறகுதான் அப்படி யாராச்சும் இருக்காங்களான்னு தேடினாங்க.

இருந்தா. புக்கிட் மேராவுல என் பக்கத்து வீட்டு பிரிஜட்.

நாலு வருஷம் சமையல்கட்டு மேசையில குனிஞ்சு குனிஞ்சு வரைஞ்சா. இருந்த மரத்தை வெட்டிட்டாங்கன்னு ஒரு காக்கா அடுக்குமாடியில வீடு தேடுற கதை, ஒண்ணேகால் மணி நேரம் ஓடும். அவ கோடு போடுவா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நாங்க பொம்பளைங்க சர்ச் ஹால்ல உக்காந்து கலர் அடிப்போம். அலகு ஒரு நூல் கோணினாலும் விடமாட்டா. "அற்புதமேரி, இந்தக் காக்கா சிரிக்குதுடி. இங்க அது அழணும். திருப்பிப் போடு"ன்னு முகத்துக்கு நேரா நீட்டுவா. எனக்கு வர்ற கோவத்துக்கு பெயின்ட் டப்பாவைத் தலையில கவுத்தலாம்னு இருக்கும். ஆனா படம் ஓடினப்போ அந்தக் காக்கா அழுதுச்சு, நானும் அழுதேன்.

அவ வீட்டுக்காரர் ஜார்ஜ் தஞ்சோங் பகார் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறார். தங்கமான மனுஷன். படத்துக்கு அவர் செஞ்ச உதவி, அவ வரையும்போது தோசை சுட்டது.

விருதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருந்துச்சு. சிறப்பு விருந்தினர் நெய்னா முகம்மது விளம்பரப் படக் கம்பெனி முதலாளி. டிவிக்கு ஒரு கார்ட்டூன் தொடர் எடுக்கப் போறார். விருது வாங்குறவங்கதான் அதுக்கு டைரக்டர்னு முன்னாடியே சொல்லிட்டார். பிரிஜட் பகல்ல பிஸ்கட் டப்பாவுக்கு லேபிள் வரையிறவ. அந்த பிஸ்கட்லேருந்து தப்பிக்க அவளுக்கு இதை விட்டா வேற வழி கிடையாது.

விழா அன்னைக்குப் புதுப் புடவை கட்டி முன்வரிசையில உக்காந்திருந்தா. அப்போ செயலாளர் ஆம்ப்ரோஸ் மேடையிலேருந்து வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார்.

"தங்கச்சி, ஒரு சின்னச் சிக்கல். பொம்பளைக்கு ஆம்பளை பொன்னாடை போடுறது மரபு இல்லை. முதலாளி சம்சாரம் போடுறதா ஏற்பாடு. அவங்களுக்குக் காய்ச்சல், வரலை. மேடையில வேற பொம்பளையே இல்லை."

"நான் போடுறேன்"னேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க பிரமுகர் இல்லையே."

பிரமுகரு! நல்லாக் கேட்டுவிடலாம்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள மைக்ல தனசேகரன்: "இயக்குநரின் சார்பில் அவருடைய அருமைக் கணவர் ஜார்ஜ் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

ஜார்ஜ் திருதிருன்னு முழிச்சுக்கிட்டே போனார். பொன்னாடை விழுந்துச்சு, கப்பு கைக்கு வந்துச்சு, மைக்கும் வந்துச்சு. பாவம், உண்மையைச் சொன்னார்.

"நான் ஒண்ணுமே செய்யலீங்க. எல்லாம் என் வீட்டுக்காரிதான்."

கைதட்டல் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. ஏன்னா எங்க மன்றத்துல விருது வாங்குற ஒவ்வொரு ஆம்பளையும் இதைத்தான் சொல்லுவான். சொல்லிட்டு கப்பை அவனே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவான்.

ஜார்ஜ் பதறிப்போயிட்டார். "மாதா மேல சத்தியமாங்க! எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது!"

"என்ன ஒரு தன்னடக்கம்!" தனசேகரன் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

நெய்னா முகம்மது எழுந்து வந்து ஜார்ஜைக் கட்டிப் பிடிச்சார். "விருது வாங்குறவங்கதான் டைரக்டர்னு சொன்னேன் இல்லையா? திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்துடுங்க டைரக்டர் சார்."

"ஐயோ, நான் கிரேன் ஓட்டுறவன் லா!"

"பாட்டாளிக் கலைஞர்!" மறுபடியும் கைதட்டல்.

பிரிஜட் அழுவான்னு நினைச்சேன். அவ செருப்பை மாட்டிக்கிட்டு எழுந்தா.

"எங்கடி போறே?"

"இந்த சீன் தப்பு, அற்புதமேரி. திருப்பிப் போடணும்."

விறுவிறுன்னு மேடை ஏறினா. ஜார்ஜ் தோள்லேருந்து பொன்னாடையை உருவித் தன் தோள்ல தானே போட்டுக்கிட்டா. எனக்குச் சந்தோஷம்னா சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷம்.

"என்னங்க, கப்பைக் கொடுங்க"ன்னா. ஜார்ஜ் அப்பாடான்னு கொடுத்தார். "முதலாளி, நீங்க இப்படி வலது பக்கம் நில்லுங்க. தலைவரே, இன்னும் கொஞ்சம் பின்னாடி. இல்லை, இன்னும். ஆம்ப்ரோஸ் அண்ணே, மைக்கை மறைக்காதீங்க. யாரும் சிரிக்க வேணாம், இது சிரிக்கிற இடம் இல்லை. போட்டோக்காரரே, இப்போ எடுங்க."

அவ்வளவு பிரமுகர்களும் மூச்சு விடாம, அவ சொன்ன இடத்துல நின்னாங்க.

பல்பு மின்னி முடிஞ்சதும் நெய்னா முகம்மது அவ பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை நீங்கதான் வரணும் போலிருக்கே"ன்னார்.

"காலையிலேயே வந்துடுறேன்"னா.

போனா. அதுக்கப்புறம் அவ பிஸ்கட் டப்பாவைத் தொடவே இல்லை. தொடருக்கும் நான்தான் கலர் அடிச்சேன், அதுலயும் திட்டு வாங்கினேன்.

அந்த போட்டோவைப் பெருசாக்கி மன்றத்துச் சுவத்துல மாட்டியிருக்காங்க. நடுவுல பொன்னாடையோட பிரிஜட். சுத்தி அத்தனை ஆம்பளைங்களும் அவ நிறுத்தின இடத்துல, சிரிக்காம, அடக்க ஒடுக்கமா. கீழே தங்க எழுத்துல போட்டிருக்கு: 'விழா இயக்கம்: தனசேகரன்'.